எட்டு விநாடித் திரை

கெட்டுப்போன கடிகாரம் தவறாக மணி காட்டுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சாவி கொடுக்காத கடிகாரம் நின்றுபோவதும் இயற்கைதான். ஆனால் விநாடி பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் ஒன்று, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் சற்றே பழைய நேரத்தைச் சொல்லிவிட்டு, "உமக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்" என்று வாயை மூடிக்கொண்டால் அதை என்னவென்று சொல்வது? பொய் என்பதா, நாசூக்கு என்பதா? அப்படி ஒரு கடிகாரம் என் மேஜை மேலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நான் கதை எழுதும் கம்ப்யூட்டர் பழையது. அதற்கு வயதாகிவிட்டது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த யந்திரம் மறுநாளே இளம் கன்று மாதிரி துள்ள ஆரம்பித்துவிட்டது. அதில் 'டெர்மினல்' என்று ஒரு கறுப்பு ஜன்னல் உண்டு. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. ஒரு வரி தட்டினால் ஒரு வரி பதில் வரும். கேட்டதற்குப் பதில், கேட்காவிட்டால் மௌனம் என்று இருக்கும் அந்தச் சுபாவம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அத்தியாயத்தைக் கடைசியாகத் தொட்டோம், எதைத் தொடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம் என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் திருத்திய நேரம் பதிந்திருக்கும். ஆகையால் இந்த விஷயத்தில் மனசாட்சி கூட வேண்டாம், யந்திரமே காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், டெர்மினல் என்ற அந்தக் கறுப்பு ஜன்னலும் யந்திரத்தின் கணக்கில் ஒரு கோப்பாகவே இருக்கிறது என்று தெரிய வந்தது. அதற்கும் ஒரு பெயர், அதற்கும் ஒரு சொந்தக்காரர், அதற்கும் ஒரு நேரம்!

விநாடி வரை காட்டும்படி அதன் நேரத்தைக் கேட்டேன். அப்போது மணி 10, நிமிஷம் 15, விநாடி 10. நான் அந்த ஜன்னலில் எழுத்துக்களைத் தட்டிக்கொண்டேதான் இருந்தேன். அதுவோ, கடைசியாக எழுத்து விழுந்தது 5-ஆவது விநாடியில் என்றது. இன்னும் சிறிது தட்டிவிட்டு மறுபடி கேட்டேன். இப்போது 12 என்றது. உடனே மறுபடி கேட்டால், அதே 12. பத்துத் தடவை தட்டினாலும் 12. பிறகு திடீரென்று 20. யந்திரத்தின் பொதுக் கடிகாரத்தை வானொலி மணியோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு பிசகும் இல்லை. மற்றக் கோப்புகளின் நேரங்களும் சரியாகவே இருந்தன. இந்த ஜன்னல் மட்டும் நொண்டி நொண்டி நடந்தது.

மருமகனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"கடிகாரம் சரியாத்தான் இருக்கு, மாமா. அதை வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க. எட்டு விநாடிக்கு ஒரு தடவைதான் அது மாறும்."

"எதற்காக அப்படி?"

"பக்கத்துல யாராவது உக்காந்து உங்க விரலை எண்ணிடக்கூடாதுன்னு."

இந்தப் பதில் எனக்கு அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தது. அவன் அனுப்பிய விவரங்களையும், நானாகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அதற்குள் ஒரு நல்ல கதை இருப்பது தெரிந்தது.

*

ஒரு ஜன்னல் எப்படிக் கோப்பு ஆயிற்று என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1969-ஆம் வருஷம் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்திலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவரும் அவர்களுடைய தோழர்களும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரோடு பேசுவதற்குப் பெரும்பாலும் கண்ணாடித் திரை கிடையாது. 'டெலிடைப்' என்று ஒரு தட்டச்சு யந்திரம் இருக்கும். தந்தி உலகத்திலிருந்து வந்த சாதனம் அது. மனிதன் தட்டுவதும் யந்திரம் பதில் சொல்வதும் ஒரே காகிதச் சுருளில் அடுத்தடுத்து அச்சாகும். டெலிடைப் என்ற பெயரைச் சுருக்கி 'டி.டி.ஒய்.' என்று வைத்தார்கள். டெலிடைப் யந்திரங்கள் பொருட்காட்சிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் இன்றும் லினக்ஸில் டெர்மினலின் பெயர் டி.டி.ஒய்.தான். தாத்தா போன பிறகும் வாசற் பலகையில் அவர் பெயரே இருக்கும் வீடுகள் நம் ஊரிலும் உண்டு அல்லவா?

யூனிக்ஸை ஆக்கியவர்கள் ஒரு சிக்கனமான யோசனை செய்தார்கள். கடிதமானாலும் கணக்கானாலும் கோப்பு. அச்சு யந்திரமும் கோப்பு. மனிதன் உட்கார்ந்து தட்டும் டெலிடைப்பும் கோப்பு. எதைப் படிக்க வேண்டுமானாலும் ஒரே மாதிரி படிக்கலாம், எதில் எழுத வேண்டுமானாலும் ஒரே மாதிரி எழுதலாம். சாதனங்களுக்கான கோப்புகளையெல்லாம் 'டெவ்' என்ற தனி அறையில் வைத்தார்கள். பின்னால், 1991-இல் பின்லாந்து தேசத்தில் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது, இந்தக் குடும்ப வழக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டார்.

கோப்பு என்றால் அதற்கு நேரம் உண்டு. யூனிக்ஸ் குடும்பத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நேரங்கள் குறிக்கப்படும்: கடைசியாகப் படித்த நேரம், கடைசியாக எழுதிய நேரம், அதன் உடைமை விவரங்கள் கடைசியாக மாறிய நேரம். இந்த நேரங்களையெல்லாம் யந்திரம் 1970 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து எத்தனை விநாடி கழிந்தது என்ற ஒரே எண்ணாக வைத்துக்கொள்கிறது. 2001 செப்டம்பர் 9-ஆம் தேதி அந்த எண் 100 கோடியைத் தொட்டது. இப்போது 170 கோடியையும் தாண்டிவிட்டது.

சாதாரணக் கோப்புக்கு இது சரி. டெர்மினல் என்ற கோப்புக்கு இந்த நேரங்களின் பொருள் என்ன? அதைப் 'படித்த நேரம்' என்றால், மனிதன் தட்டிய எழுத்தை யந்திரம் வாங்கிக்கொண்ட நேரம். 'எழுதிய நேரம்' என்றால், யந்திரம் மனிதனுக்குப் பதில் காட்டிய நேரம். அதாவது அந்தக் கோப்பின் நேரத்தைப் பார்த்தால், அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆசாமி கடைசியாக எப்போது விரலை அசைத்தார் என்று தெரிந்துவிடும். கோப்பைப் பற்றிய குறிப்பு மாதிரி தோன்றினாலும், உள்ளபடிக்கு அது ஒரு மனிதரைப் பற்றிய குறிப்பு.

*

இதை ஒரு குற்றம் என்று யாரும் அந்த நாளில் நினைக்கவில்லை. நினைக்காததற்குக் காரணமும் இருந்தது. அப்போது ஒரு கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பழைய சென்னையின் ஸ்டோர் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாசல், ஒரே கிணறு, பத்துக் குடித்தனம். யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்தால்தானே குழாயடியில் முறை வைக்கலாம்? அதே போல, யந்திரத்தில் இப்போது யார் வேலை செய்கிறார், யார் டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டுக் காபி சாப்பிடப் போய்விட்டார் என்று காட்டுவதற்கு யூனிக்ஸில் 'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை உண்டு. ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக அவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று போட்டுக் காட்டும். அந்தக் கணக்கை அது எடுப்பது டெர்மினல் கோப்பின் நேரத்திலிருந்துதான்.

ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் செயற்கை அறிவு ஆராய்ச்சிக்கூடத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் 1971-இல் 'ஃபிங்கர்' என்று ஒரு நிரலே எழுதினார். ஃபிங்கர் என்றால் விரல். அங்கே இருந்தவர்கள் யந்திரம் காட்டும் பெயர்ப் பட்டியலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், "இவர் யார்? வழக்கமாக எப்போது வருவார்?" என்று விசாரிப்பதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தாராம். ஒருவர் இருக்கிறாரா, எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்பதையெல்லாம் அது சொல்லும். மனிதர்கள் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டதில் பிறந்த வசதி அது. தேடுவது அன்பின் காரியம். வேவு பார்ப்பதும் தேடுவது போலத்தான் ஆரம்பிக்கும். எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதுதான் விஷயம்.

*

என் பெரியப்பா தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். மேஜை மேல் மோர்ஸ் கருவி 'கட் கட் கடகட' என்று அடித்துக்கொண்டே இருக்கும். நான் சிறு பையனாக அங்கே போய் நின்றால், எனக்கு அது மழையில் தகரக் கூரை அடித்துக்கொள்வது போலக் கேட்கும். பெரியப்பாவுக்கு அது பாஷை. பாஷை மாத்திரம் அல்ல, குரலும் கூட. "இது திருச்சியிலே இருக்கிற நாயுடு கை. இன்னிக்கு மனுஷனுக்கு உடம்பு சரியில்லே" என்பார். மறுமுனையில் இருப்பவர் வழக்கமாக அடிக்கும் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே விடுகிற இடைவெளி அன்று சற்றுக் கூடியிருக்கும்; அவ்வளவுதான். முகம் பார்த்திராத மனிதரின் காய்ச்சலை இருபது வருஷப் பழக்கம் கண்டுபிடித்துவிட்டது.

தந்தியாளர்களுக்குள் இது பிரசித்தமான சங்கதி. ஒவ்வொருவர் 'கை'யும் ஒவ்வொரு விதம். இரண்டாம் உலகப் போரின்போது எதிரியின் வானொலித் தந்திகளை ஒட்டுக் கேட்டவர்கள், செய்தி சங்கேத மொழியில் இருந்து புரியாமற்போனாலும், அனுப்புகிறவரின் கையை அடையாளம் கண்டுகொண்டார்கள். நேற்று ஓர் இடத்திலிருந்து ஒலித்த கை இன்று வேறோர் இடத்திலிருந்து ஒலித்தால், அந்தப் படைப்பிரிவு இடம் பெயர்ந்துவிட்டது என்று ஊகித்தார்கள். சொன்ன வார்த்தையை மறைக்க முடிந்தது. சொன்ன தாளத்தை மறைக்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் தட்டும் விரலுக்கும் இதே கதிதான். பக்கத்துப் பக்கத்து எழுத்துக்களை ஒரே விரலால் தட்டுவதற்கு ஒரு நேரம் ஆகும். இரண்டு கையாலும் மாறி மாறித் தட்டுவதற்கு வேறு நேரம் ஆகும். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே கழிந்த நேரத்தை மட்டும் துல்லியமாக அளந்தால், எழுத்து இன்னதென்று பார்க்காமலே ஓரளவு ஊகிக்கலாம். கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த டான் ஸாங், டேவிட் வாக்னர், ஷூச்சிங் தியான் என்ற மூவர் 2001-இல் இதைப் பரிசோதித்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். இரகசியக் குறியாக்கம் செய்து அனுப்பும் தொடர்பிலேயே, விசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை வைத்து ஒருவரின் கடவுச்சொல்லைத் தேடும் வேலையைச் சுமார் 50 மடங்கு சுருக்கிவிடலாம் என்று காட்டினார்கள். பெட்டிக்குப் பூட்டுப் போட்டாயிற்று, ஆனால் சாவி திரும்பும் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது என்பது போல!

இப்போது அந்த டெர்மினல் கோப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்து விழும்போதும் நேரம் புதுப்பிக்கப்பட்டால், அதே யந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் இன்னொருவர் அந்த நேரத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்து, உங்கள் விரலின் தாளத்தை எழுதி எடுத்துவிடலாம். கோப்பைத் திறந்து படிக்க அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் கோப்பு எப்போது அசைந்தது என்று பார்க்க அனுமதி உண்டு. அது போதும்.

*

2013-ஆம் வருஷத்துத் தொடக்கத்தில் இந்த ஓட்டை பகிரங்கமாகப் பேசப்பட்டு, அதற்கு ஓர் எண்ணும் கொடுத்து குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் பதிவு செய்தார்கள். உடனே அடைக்கப் புறப்பட்டார்கள். அடைத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏனென்றால் அது மூன்று தடவையில் நடந்தது.

முதல் தடவை: டெர்மினலின் நேரத்தைப் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டார்கள். தட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி, நேரம் அசையாது. வேவு பார்ப்பவர்களுக்கு வேலை போயிற்று. கூடவே 'டபிள்யூ' கட்டளையும் குருடாகிப்போயிற்று. மாங்கு மாங்கென்று வேலை செய்கிறவரும் அதன் கணக்கில் காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறவர்தான். பல வருஷ வழக்கத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடுகள் கெட்டன. புகார் வந்தது.

இரண்டாம் தடவை: சரி, நிமிஷத்துக்கு ஒரு முறை மட்டும் புதுப்பிப்போம் என்றார்கள். இப்போது இரண்டு குறை. ஒரு நிமிஷம் என்பது, ஒருவர் வேலையாக இருக்கிறாரா இல்லையா என்று நம்பிச் சொல்லப் போதாத அளவுக்கு நீளம். இன்னொரு குறை, ஓட்டை முழுவதும் அடைபடவும் இல்லை. லினக்ஸில் இந்தக் கறுப்பு ஜன்னல்கள் எல்லாம் திறக்கும்போது பொதுவான ஒரு கதவின் வழியாகத்தான் வர வேண்டும். அந்தக் கதவில் அசைவு ஏற்பட்டால் தனக்குச் சொல்லும்படி யார் வேண்டுமானாலும் யந்திரத்திடம் கேட்டு வைத்துக்கொள்ள முடிந்தது. ஸ்டோர் வீட்டுக் கடிகாரத்தைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். வாசற் கதவு கிறீச்சிடுவதைத் திண்ணையில் இருப்பவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மூன்றாம் தடவை டோர்வால்ட்ஸே உட்கார்ந்து எழுதினார். மாற்றத்துக்கு அவர் கொடுத்த தலைப்பிலேயே இது மூன்றாவது முயற்சி என்று குறிப்பிட்டிருந்தார். முன்னே செய்தது ஒரு பக்கம் போதாதது, இன்னொரு பக்கம் மிதமிஞ்சியது என்று ஒளிவு மறைவு இல்லாமல் விளக்கமும் எழுதினார். பொதுக் கதவின் அசைவைப் பற்றி யாருக்கும் தகவல் சொல்லக்கூடாது என்று வைத்தார். டெர்மினலின் நேரத்தை எட்டு விநாடிக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம் என்று வைத்தார். தனித்தனி எழுத்தின் தாளத்தைப் பிடிக்க எட்டு விநாடி மிக அதிகம். ஆள் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று அறிய எட்டு விநாடி தாராளமாகப் போதும்.

பத்து என்று முழுசாக வைக்காமல் ஏன் எட்டு என்று கேட்கலாம். இரண்டு இரண்டாகவே எண்ணத் தெரிந்தது யந்திரம். அந்த நீண்ட விநாடி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால், மிச்சம் தெரிவது எட்டு எட்டாகத்தான் மாறும். மறைத்துப் பார்க்கும்போது மாறுதல் தெரிந்தால் நேரத்தைப் புதுப்பி; தெரியாவிட்டால் சும்மா இரு. காரியம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. நான் கண்ட 5, 12, 20 என்ற நொண்டி நடையின் இரகசியம் இதுதான்.

அதே 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில்தான் இந்தியாவில் தந்தி சேவையும் முடிவுக்கு வந்தது. 'கை' பார்த்துக் காய்ச்சல் சொன்ன பெரியப்பாவின் உலகம் மூடிக்கொண்ட வருஷமும், கை பார்க்க முடியாதபடி யந்திரத்துக்குத் திரை போட்ட வருஷமும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அந்த இரண்டையும் பிரித்து நினைக்க முடியவில்லை.

*

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் தஞ்சாவூரில் இருக்கும் என் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். அப்பா தனியாக இருக்கிறாரே என்று அவளுக்குக் கவலை. செய்தி அனுப்பும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் ஒருவர் கடைசியாக எப்போது வந்து பார்த்தார் என்று மற்றவர்களுக்கு மணி நிமிஷத்தோடு தெரியும்.

காலையில் எழுந்தவுடன் அவள் அதைத்தான் பார்ப்பாளாம். 'அப்பா 6:10' என்று இருந்தால் மனசு நிம்மதி. அதில் தவறு சொல்ல என்ன இருக்கிறது? நானும் அப்படித்தான் செய்வேன்.

ஒருநாள் அவள் போனில் கேட்டாளாம்: "என்னப்பா, ராத்திரி ரெண்டரை மணிக்கு முழிச்சிக்கிட்டு என்ன பண்ணினீங்க?"

நண்பர், "தண்ணி குடிக்க எழுந்தேம்மா" என்றிருக்கிறார்.

"தினமும் ரெண்டரை மணிக்கா?"

என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவ அம்மா எப்பவோ அனுப்பின குரல் பதிவு ரெண்டு மூணு அதுல இருக்கு. கடைக்குப் போனா கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னு ஒண்ணு. ராத்திரி தூக்கம் வராது. எடுத்துக் கேப்பேன். அதை மகள்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா அவளும் தூங்க மாட்டா."

அடுத்த வாரம், தெரிந்த பையன் ஒருவனைக் கொண்டு அந்த நேரத்தை யாருக்கும் தெரியாதபடி மறைத்துவிட்டார். மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரரும், பால்காரரும், தெருக் கோடியில் இருக்கும் டாக்டரும் சேர்ந்து வந்து கதவை இடித்தார்கள். மகளிடமிருந்து அவர்களுக்குப் போன் போயிருக்கிறது. நேரம் தெரியவில்லை, போனையும் எடுக்கவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நண்பர் கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு இதைக் கேட்டதும் லினக்ஸின் மூன்று முயற்சிகள்தாம் நினைவுக்கு வந்தன. விரலசைவு வரை தெரிவது முதல் நிலை. ஒன்றுமே தெரியாமல் மூடிவிடுவது அடுத்த நிலை. இரண்டிலும் ஒரு மனிதர் அல்லலுற்றார். முதலில் அப்பா, அப்புறம் மகள். அன்று மாலை அவரிடம் எட்டு விநாடிக் கதையைச் சொன்னேன். கணக்கு வாத்தியார் அல்லவா, கடைசி மூன்று இலக்கத்தை மறைக்கும் யுக்தியை மிகவும் ரசித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நானும் பொழுதை ரெண்டா வகுத்துக்கிறேன்" என்றார்.

அப்படியே செய்திருக்கிறார். நேரம் மறைந்தே இருக்கிறது. காலையில் காபி குடித்ததும் மகளுக்கு ஒரு வரி, ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒரு வரி. 'இன்று செம்பருத்தி இரண்டு பூத்தது' என்கிற மாதிரி ஏதாவது. அந்த இரண்டு வரிக்கும் இடையே உள்ள பொழுது அவருடையது. இரண்டரை மணியும் அவருடையது. எட்டு மணிக்குள் காலை வரி வராவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகளும் இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம்.

*

"உள்ளதை உள்ளபடி சொல்வதுதானே யந்திரத்துக்கு அழகு? எட்டு விநாடி பழைய நேரத்தைச் சொல்வது பொய்தானே?" என்று வாதிக்கக்கூடிய வாசகர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். பத்திரப் பதிவுக்கு நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். பாங்கியில் பணம் போன நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். என் அத்தியாயத்தை நான் கடைசியாகத் தொட்ட நேரத்தில் ஒரு விநாடியைக் கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லினக்ஸும் அங்கெல்லாம் ஒளிக்கவில்லை. எட்டு விநாடித் திரையைப் போட்டிருப்பது டெர்மினலுக்குத்தான். கோப்புகளுக்கு நடுவே அது மட்டும்தான் எதிரே ஒரு உயிருள்ள ஆள் உட்கார்ந்திருக்கும் கோப்பு. எல்லாவற்றையும் கோப்பாகக் கருதிச் சிக்கனம் பண்ணியபோது மனிதனும் அதில் ஒன்றாகிவிட்டான். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 'இது பொருள் அல்ல, ஆள்' என்று நினைவு வந்து ஒரு திரை போட்டிருக்கிறார்கள்.

இந்த நினைவு வேறு இடங்களுக்கும் பரவி வருகிறது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊரிலுள்ள யந்திரத்தோடு பத்திரமாகப் பேச உதவும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்.' என்ற நிரலில் 2023 அக்டோபரில் ஒரு மாற்றம் செய்தார்கள். விசைகளை விழுந்தவுடன் அனுப்பாமல், 20 மில்லி விநாடிக்கு ஒரு தடவை என்று ஒரே சீராக அனுப்புகிறது. மனிதன் தட்டுவதை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் பொய் விசைகளைக் கலந்து அனுப்பிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பெர்க்லியில் எழுப்பிய கேள்விக்கு அது ஒரு பதில்.

நாவலாசிரியன் பிழைப்பே பிறர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது என்று என் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இருக்கலாம். ஆனால் கதையில் கூட, ஒரு பாத்திரம் இரவில் விழித்திருந்தது என்று எழுதுவதற்கும், எத்தனை பெருமூச்சு விட்டது என்று எண்ணி எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைப் படிக்கிற வாசகருக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் பரிவு உண்டாகும். இரண்டாவதைப் படிக்கிறவருக்கு நம் மேல் சலிப்பு உண்டாகும்.

லினக்ஸின் மூல நிரலில், அந்த ஒற்றை வரிக்கு மேலே, பின்னால் வருகிறவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசி மூன்று இலக்கங்களைத் தவிர்த்து மற்றவை மாறினால்தான் கவலைப்படுகிறோம், சரியான நேரத்தைச் சொல்வது பாதுகாப்புக்குக் குந்தகமாகலாம் என்பது அதன் சாரம். விவரம் தெரியாத யாரோ ஒருவர், 'இதென்ன, நேரம் பிசகுகிறதே' என்று திருத்திவிடப் போகிறாரே என்ற முன்யோசனை! நம் வீடுகளில் இப்படிக் குறிப்பு எழுதி வைக்க இடம் இல்லை. எவ்வளவு தெரிந்தால் போதும், எவ்வளவு தெரிந்தால் அதிகம் என்பதை அப்பாவும் மகளும், புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். முதல் தடவையே சரியாக அமைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கெட்டிக்காரர்கள் கூடி ஆக்கிய யந்திரத்துக்கே மூன்று தடவை வேண்டியிருந்தது.